லாரி இன்ஜெக்டர் தொல்லை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐட்லிங்கில் வண்டி ஆடுகிறது, கரும்புகை தள்ளுகிறது, மேட்டில் இழுவை இல்லை. சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் ஆறு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். கரும்புகை என்றால், உள்ளே போன டீசல் முழுதாக எரியவில்லை என்று பொருள். இன்ஜெக்டர் அளவுக்கு மேல் விட்டிருக்கலாம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டர்போவிலிருந்து வரும் ஹோஸ் கிழிந்திருக்கலாம். செலவில்லாத வேலை என்பதால் ஃபில்டரையும் ஹோஸையும் முதலில் பாருங்கள்.

அப்புறம் ஸ்கேனர் மாட்டி, ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாக வேலை செய்யும் சிலிண்டரை நிறுத்தினால் ஆட்டம் கூடும், சத்தம் மாறும். நிறுத்தியும் எதுவுமே மாறாத சிலிண்டரில்தான் கோளாறு. அப்போதும் இன்ஜெக்டர் மேல் பழி போட்டுவிட முடியாது. கம்ப்ரஷன் குறைந்தாலும் இதே அறிகுறிதான். வால்வு கவருக்கு அடியில் இன்ஜெக்டருக்குப் போகும் வயர் சூட்டிலும் அதிர்விலும் அறுந்திருக்க, அது தெரியாமல் நல்ல இன்ஜெக்டரைக் கழற்றி எறிந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

ரிட்டர்ன் சோதனையையும் விடாதீர்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பும் டீசலை ஒரே அளவு பாட்டில்களில் பிடித்தால், மற்றவற்றைவிட மிக அதிகமாக நிறைவது உள்ளே தேய்ந்த இன்ஜெக்டருடையது. ரிட்டர்ன் வழி ஹெட்டுக்குள்ளேயே ஓடும் இன்ஜின்களில் தனித்தனியாகப் பிடிக்க முடியாது. அங்கே ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகும் வழியை அதற்கான மூடியால் அடைத்து, மொத்த ரிட்டர்ன் எப்போது குறைகிறது என்று பார்ப்பார்கள். இத்தனையும் முடிந்த பிறகு எத்தனை மாற்ற வேண்டும் என்று பேசலாம்.

பழைய வண்டியில் ஓடும்போதே பைப் நட்டை லூஸ் செய்து எந்த நாசில் (இன்ஜெக்டரின் தெளிக்கும் முனை) போச்சு என்று கண்டுபிடிப்பேன். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் காமன் ரெயில் வண்டியிலும் செய்யலாமா?

கூடவே கூடாது. பழைய இன்லைன் பம்ப் வண்டிகள் பலவற்றில் நாசில் திறக்கும் அழுத்தம் 200, 250 பார் அளவில்தான். காமன் ரெயிலில் லோடு ஏறும்போது 1600 பாரையும் தாண்டும், சில இன்ஜின்களில் 2000 பாருக்கு மேலும் போகும். அந்த வேகத்தில் பீறிடும் டீசல் கையுறையைத் துளைத்துத் தோலுக்குள் இறங்கிவிடும். வெளியே ஊசி குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலோ கையோ போகலாம். அப்படிக் குத்திவிட்டால் காத்திருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போய், "அழுத்தத்தில் டீசல் உள்ளே போய்விட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

கசிவைத் தேடக் கையால் தடவாதீர்கள், தள்ளி நின்று அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். இன்ஜினை நிறுத்திய பிறகும் அழுத்தம் இறங்கக் கையேட்டில் சொன்ன நேரம் கழித்தே பைப்பைத் தொடுங்கள்.

இன்ஜின் ஆயில் ஊற்றவே இல்லை, ஆனால் லெவல் ஏறிக்கொண்டே போகிறது.

வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து, ஆயில் நீர்த்திருந்தால் எங்கிருந்தோ டீசல் கலக்கிறது. சரியாக மூடாத இன்ஜெக்டர், அதன் ஓ-ரிங், பம்ப் சீல் என்று மூன்றையும் சந்தேகப்படலாம். இன்ஜெக்டர் ஒழுகினால் லைனர் சுவரில் இருக்கும் ஆயில் படலம் கழுவப்பட்டுப் பிஸ்டன் ரிங் தேயும். நீர்த்த ஆயிலால் பேரிங் போகும். இன்ஜெக்டர் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் பிஸ்டன் உருகி ஓட்டை விழுவதும் உண்டு. சிலிண்டரில் டீசல் தேங்கிய நிலையில் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம். எனவே "மெதுவாக ஓட்டிப் போய்விடலாம்" என்று நினைக்காதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள்.

புது இன்ஜெக்டர் போட்டும் ஆட்டம் நிற்கவில்லை.

மூன்று விஷயம் கேளுங்கள். இன்ஜெக்டர் தலையில் இருக்கும் குறியீட்டு எண்ணை (கோட்) ஸ்கேனர் மூலம் ஈசியூவில், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியில், ஏற்றினார்களா? இந்தக் குறியீடு கேட்கும் இன்ஜின்களில் அதை ஏற்றாவிட்டால் டீசல் அளவு தப்பும். பழைய காப்பர் வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டியிருக்க, அதன் மேலே புது வாஷரை வைத்தார்களா? அப்படியானால் நாசில் முனை உயர்ந்து நின்று, டீசல் தெளிக்க வேண்டிய இடத்தில் தெளிக்காது. இன்ஜெக்டரை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முறுக்கினார்களா? இது சரியில்லாமல் வாஷர் ஓரமாகக் காற்று தப்பினால் "சஃப் சஃப்" என்று சத்தம் வரும், சுற்றிலும் தார் போலக் கரி கட்டும்.

டேங்கில் ஊற்றும் கிளீனர் பலன் தருமா?

லேசாகப் படிந்த கரிக்கு ஓரளவு. இன்ஜெக்டருக்குள் தேய்ந்த ஊசிக்கும் அது அமரும் சீட்டுக்கும் துளியும் பயனில்லை.

ஒரே வருடத்தில் இரண்டாவது முறை இன்ஜெக்டர் போகிறது. ஏன்?

இன்ஜெக்டருக்குள் பாகங்களின் இடைவெளி சில மைக்ரான்தான். நம் தலைமுடியே அதைவிடப் பல மடங்கு தடிமன். தண்ணீரும் தூசும் போனால் அது தாங்காது. டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரைத் தவறாமல் வடியுங்கள். ஃபில்டர் மாற்றும்போது புது ஃபில்டரில் கேனிலிருந்து டீசல் ஊற்றி நிரப்பும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். நடு ஓட்டை வழியாக ஊற்றினால் வடிகட்டாத டீசல் நேரே இன்ஜெக்டருக்குத்தான் போகும். காலியாகவே மாட்டி, டீசலை ஏற்றும் பிரைமர் பம்பை அடித்து ஏர் எடுங்கள்.

அதன் பிறகும் போனால் பம்பைச் சந்தேகியுங்கள். கழற்றிய ஃபில்டரை வெட்டி, மடிப்புகளுக்குள் உலோகத்தூள் மினுங்குகிறதா என்று வெயிலில் பாருங்கள். மினுங்கினால் பம்ப், ரெயில், பைப், டேங்க் எல்லாவற்றையும் சரிபார்த்து, சுத்தம் செய்ய முடியாததை மாற்றிய பிறகுதான் அடுத்த இன்ஜெக்டரை வாங்க வேண்டும்.