இடிதாங்கி இருந்தும் டிவி ஏன் போனது?

கேள்வி: எங்கள் மாடி வீட்டில் இடிதாங்கி இருக்கிறது. போன மாதம் எதிர்ப்புறத்து மரத்தில் இடி விழுந்தது. வீட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஃபேன், லைட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டிவி, ரவுட்டர், வாசல் கேமரா மூன்றும் போய்விட்டன. மெயின் போர்டில் கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச் இருக்கிறதே, எம்.சி.பி., அது ஒன்றுகூட விழவில்லை. இடிதாங்கி சரியில்லையா? இனி என்ன செய்ய வேண்டும்?

பதில்: இடிதாங்கி மேல் குற்றமில்லை. கட்டடத்தின் மேல் நேராக விழும் மின்னல் கூரையையும் சுவரையும் பிளந்துவிடாமல் மண்ணுக்குள் இறக்குவதுதான் அதன் வேலை. ஒயர் வழியாக உள்ளே வருவதை அது தடுக்காது.

போன பொருள்களைப் பாருங்கள். மூன்றுக்கும் இரண்டு பக்கம் ஒயர் போகிறது. டிவிக்குக் கரண்ட் ஒயர், டிஷ் கேபிள். மற்ற இரண்டுக்கும் கரண்ட் ஒயர், நெட் கேபிள். பக்கத்தில் மின்னல் இறங்கும்போது அதன் காந்தப்புலம் இந்த ஒயர்களுக்கு இடையே பல ஆயிரம் வோல்ட்டைத் தூண்டிவிடும். நடுவில் மாட்டிக்கொண்ட சர்க்யூட் போர்டு கருகிப்போகும். எம்.சி.பி. விழுவதற்குச் சில மில்லி விநாடியாவது வேண்டும். மின்னலின் வீச்சோ மைக்ரோ விநாடிக் கணக்கில் முடிந்துவிடுகிறது.

சரி, முதலில் எர்த்தைப் பாருங்கள். இடிதாங்கிக்குத் தனி எர்த், வீட்டுக்குத் தனி எர்த் என்று ஒட்டாமல் வைப்பதுதான் பாதுகாப்பு என்று எலக்ட்ரீஷியன்களே பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டால் கதை வேறு. சாதாரண மின்னல் ஒன்றில் 30,000 ஆம்பியர் ஓடும். எர்த்தின் தடை 10 ஓம் என்றால் இடிதாங்கிக் கம்பி 3 லட்சம் வோல்ட்டுக்கு ஏறும். வீட்டு எர்த் அந்த உயரத்துக்கு வராது. வித்தியாசம் இவ்வளவு இருந்தால் மின்சாரம் சுவருக்குள்ளேயே தாவும். இரண்டையும் தடித்த கம்பியால் இணைத்துவிட்டால் எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். வீட்டுக்குள் நுழையும் உலோகக் குழாயையும் இதே எர்த்தில் சேருங்கள்.

அப்புறம் சர்ஜ் ப்ரொட்டெக்டர், அதாவது எஸ்.பி.டி. ஒயரில் திடீரென ஏறும் வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பி அடக்கும் கருவி இது. இடிதாங்கி உள்ள கட்டடத்தின் மெயின் போர்டில் ஒயரில் தூண்டப்படும் வீச்சை அடக்கும் டைப் 2 மட்டும் போதாது, நேரடி மின்னலின் பங்கையும் தாங்கும் டைப் 1 வேண்டும். நேராக இடி விழுந்தால் அந்தக் கரண்டில் ஒரு பங்கு எர்த் வழியாக உங்கள் ஒயரிங்குக்குள் ஏறும், அதைத் தாங்க வேண்டும். நல்ல எஸ்.பி.டி. வாங்கியும் வீணாவதை நிறையப் பார்த்திருக்கிறேன். போர்டுக்குள் ஒயரை அழகாக வளைத்து, ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் விட்டு இணைத்திருப்பார்கள். 10,000 ஆம்பியர் 8 மைக்ரோ விநாடியில் பாய்ந்தால் அந்த ஒயரின் ஒவ்வொரு மீட்டரிலும் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும். எஸ்.பி.டி. அடக்கியது போக இதுவும் சேர்ந்துதான் உங்கள் டிவிக்குப் போகும். அதனால் எஸ்.பி.டி.க்குக் கரண்ட் பக்கமும் எர்த் பக்கமும் போகும் ஒயர் இரண்டும் சேர்ந்து அரை மீட்டரைத் தாண்டக் கூடாது. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை, நேராக, குட்டையாக இருக்கட்டும்.

கரண்ட் பக்கம் மட்டும் காவல் போட்டால் பாதி வேலைதான். டிஷ் கேபிளுக்கும் கேமரா கேபிளுக்கும் தனி ப்ரொட்டெக்டர் உண்டு, அவற்றையும் அதே எர்த்தில் இணைக்க வேண்டும். கேமரா தூரத்தில் இருந்தால் ஃபைபர் கேபிளுக்கு மாறலாம், கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது.

இத்தனைக்குப் பிறகும் பிளக்கைப் பிடுங்கி வைப்பதுபோல் வராது. வானம் இருட்டும்போதே டிஷ் கேபிளையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். இடி காதில் விழ ஆரம்பித்துவிட்டால் ஒயரைத் தொடாதீர்கள். கடைசி இடிச் சத்தம் கேட்டு 30 நிமிடம் கழித்து மாட்டினால் போதும்.

எஸ்.பி.டி.யின் முகப்பில் பெரும்பாலும் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். பச்சை போய்ச் சிவப்பு வந்தால் அது செத்துவிட்டது என்று பொருள். வீட்டில் கரண்ட் வழக்கம்போல இருக்கும் என்பதால் யாருக்கும் தெரியாது. மழைக்காலத்துக்கு முன்பும், பக்கத்தில் இடி விழுந்த மறுநாளும் அதை எட்டிப் பாருங்கள்.