கிளட்ச் மாத்தினப்புறம் கியர் டைட்டா விழுதா? கேபிளைப் பாருங்க முதல்ல

கேள்வி: 2014 வேகன்ஆர், 82,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. போன வாரம் கிளட்ச் செட் மாத்தினேன். பெடல் நல்லா லேசாயிடுச்சு, ஆனா ஃபர்ஸ்ட்டும் ரிவர்ஸும் ரொம்ப டைட்டா விழுது, சில நேரம் கர்ர்னு சத்தம் வருது. மெக்கானிக்கைக் கேட்டா "புது பிளேட்டு சார், ஓட்ட ஓட்ட சரியாயிடும்"ங்கிறார். அப்படியே ஓட்டலாமா?

அப்படியே ஓட்டாதீங்க. புது கிளட்ச் செட் ஆக சில நூறு கிலோமீட்டர் ஆகும், உண்மைதான், ஆனா அது பிளேட் ஃபிளைவீலோட (இன்ஜினோட சேர்ந்து சுத்துற கனமான சக்கரம்) நல்லா உட்கார்றதுக்கு, பெடல் புடிக்கிற இடம் கொஞ்சம் மாறும், அவ்ளோதான். கியர் விழ மாட்டேங்கிறது அந்தக் கணக்குல வராது.

முதல்ல சமதரையில வண்டிய நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜின ஆஃப் பண்ணிட்டு கிளட்ச மிதிச்சு எல்லா கியரையும் போட்டுப் பாருங்க. (ஆஃப்ல ஏதாவது ஒண்ணு இடிச்சு நின்னா பல்லு பல்லுக்கு நேரா நிக்குதுன்னு அர்த்தம், நியூட்ரல்ல ஹேண்ட்பிரேக்க விட்டு வண்டிய லேசா முன்ன பின்ன தள்ளிட்டு திரும்பப் போட்டா போயிடும்.) அப்புறம் ஸ்டார்ட் பண்ணி அதையே செய்யுங்க. ஆஃப்ல வெண்ணெய் மாதிரி விழுந்து, ஓடும்போது மட்டும் டைட்டா இருந்தா கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு, கிளட்ச்தான் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் முழுசா பிரிக்கல. உறுதி பண்ணிக்கணும்னா, ஐடில்ல கிளட்ச முழுக்க மிதிச்சு அஞ்சு எண்ணிட்டு ரிவர்ஸ் போடுங்க, அப்பவும் அரைச்சா சந்தேகமே வேணாம். கிளட்ச் மிதிச்சிருக்கும்போதே ஃபர்ஸ்ட்ல வண்டி முன்னாடி நகரப் பார்த்தாலும் அதேதான்.

நீங்க சொல்ற அறிகுறிக்கு எனக்கு முதல் சந்தேகம் கேபிள் மேலதான். இது நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், கொஞ்சம் பொறுமையா படிங்க. பிளேட் தேயத் தேய, அதை ஃபிளைவீலோட அழுத்திப் புடிக்கிற பிரஷர் பிளேட் ஃபிளைவீல் பக்கமா நகரும், அதோட நடுவுல இருக்கிற விரல்கள் ரிலீஸ் பேரிங் (பெடல மிதிச்சா அந்த விரல்களை அமுக்குற பேரிங்) பக்கமா வெளிய வரும், அதனால பெடல் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்ய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பெடல் சும்மா போற தூரம்) வருஷா வருஷம் குறைஞ்சுகிட்டே வரும், அதை சரிபண்ண கேபிளை அப்பப்போ லூஸ் பண்ணியிருப்பாங்க. இப்ப புது தடிமனான பிளேட் போட்டதும் அந்த விரல்கள் திரும்ப உள்ள போயிடும், ஆனா கேபிள் நட்டு மட்டும் பழைய இடத்துலயே இருந்தா பெடல்ல பாதி தூரம் சும்மா வீணாப் போகும். பிரஷர் பிளேட் தூக்கிக் கொடுக்கிறதே ஒரு மில்லிமீட்டர் சுமார்தான், அதுல கொஞ்சம் குறைஞ்சாலே பிளேட் உரசிக்கிட்டே சுத்தும். அந்தச் சுத்தலை நிறுத்தப் போராடுறது சின்க்ரோ ரிங் (கியர் விழுறதுக்கு முன்னாடி வேகத்தைச் சமப்படுத்துற வளையம்), அதுதான் தேயும். ரிவர்ஸுக்கு பல வண்டிகள்ல சின்க்ரோவே கிடையாது, அதான் அது முதல்ல கத்துது.

பெடலைக் கையால அமுக்கிப் பாருங்க. சின்ன கார்கள்ல பெரும்பாலும் 15லேர்ந்து 25 மி.மீ. ஃப்ரீ பிளே இருக்கும், உங்க வண்டி மேனுவல்ல இருக்கிற அளவுதான் கடைசி வார்த்தை. அதுக்கு மேல இருந்தா கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் முனையில இருக்கிற நட்டை டைட் பண்ணச் சொல்லுங்க, பத்து நிமிஷ வேலை. ஃப்ரீ பிளேயே இல்லாம இறுக்கிடக் கூடாது, கிளட்ச் ஸ்லிப் ஆகும், பேரிங்கும் போகும். கேபிள் பழசா, உள்ள நூல் பிரிஞ்சிருக்கான்னும் பாருங்க. கால் மேட் மடிஞ்சு பெடலுக்குக் கீழ போயிருக்கான்னும் குனிஞ்சு பார்த்துடுங்க, அதுக்காகவே கியர்பாக்ஸ் இறக்கின வண்டிய நான் பார்த்திருக்கேன், மனசு கேக்கல.

ஹைட்ராலிக் கிளட்ச் (கேபிளுக்குப் பதிலா ஆயில் அழுத்தத்துல வேலை செய்றது) வண்டி வெச்சிருக்கவங்க படிச்சா, பெடலை ரெண்டு மூணு தடவை பம்ப் பண்ணினதும் கியர் லேசா விழுந்தா லைன்ல ஏர் இருக்கு, இல்ல சிலிண்டர் போயிருக்கு.

அட்ஜஸ்ட் பண்ணியும் மாறலன்னா வேலை செஞ்ச விதத்துல தப்பு, திரும்ப இறக்கித்தான் ஆகணும். பிளேட்டைத் திருப்பி மாட்டியிருக்கலாம் (எந்தப் பக்கம் ஃபிளைவீல்னு பல பிளேட்டுலயே எழுதியிருக்கும்), கியர்பாக்ஸ ஏத்தும்போது அதோட எடை முழுக்க பிளேட்டுல தொங்கி அது வளைஞ்சிருக்கலாம், டோவல் பின் (கியர்பாக்ஸ இன்ஜினோட நேரா உட்கார வைக்கிற சின்ன பின்) ஒண்ணு விட்டுப் போய் கியர்பாக்ஸ் நேரா உட்காராம இருக்கலாம். பிரஷர் பிளேட் போல்ட்ட எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணாம ஒரே பக்கமா இறுக்கினாலும் இப்படித்தான் ஆகும். அவங்க செஞ்ச வேலைல வந்த குறைக்கு உங்ககிட்ட ரெண்டாவது லேபர் கேட்டா கொடுக்காதீங்க, நீங்க பண்ணின டெஸ்ட்ட அவர் முன்னாடியே பண்ணிக் காட்டுங்க.

இன்ஜின் ஆஃப்லயும் டைட்டா இருந்தா கதையே வேற. டிரைவ் ஷாஃப்ட் கழட்டினா கியர் ஆயில் கொட்டும், அதைத் திரும்ப அளவா ஊத்தினாங்களா, மேனுவல் சொன்ன கிரேடுதானான்னு கேளுங்க. ஜிஎல்-4 ரக கியர் ஆயில் கேக்கிற பாக்ஸ்ல ஜிஎல்-5 ஊத்தினா சின்க்ரோ சரியா புடிக்காது. கியர் லிவர் கேபிள் பழைய கிளிப்புல சரியா உட்கார்ந்திருக்கா, இன்ஜின் மவுண்ட் கோணலா இருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க.

பட்டறைக்குப் போற வரைக்கும் கியரை அடிச்சுத் தள்ளாதீங்க. ரிவர்ஸ் போடுறதுக்கு முன்னாடி கிளட்ச மிதிச்சு ஏதாவது ஒரு முன் கியரைத் தொட்டுட்டு அப்புறம் போடுங்க, அரைக்கிறது கொஞ்சம் குறையும். நின்ன இடத்துல ஃபர்ஸ்ட் விழவே இல்லன்னா இன்ஜின ஆஃப் பண்ணி கியரைப் போட்டு, கிளட்சும் பிரேக்கும் மிதிச்சபடியே ஸ்டார்ட் பண்ணுங்க, முன்னாடி ஆளோ வண்டியோ ஒட்டி நிக்காம பார்த்துக்கோங்க.