பைத்தானில் இம்போர்ட் செய்த மாறி பழைய மதிப்பிலேயே நிற்கிறதா?

நண்பரே, செட்டிங்ஸ் மாட்யூலில் (தனிக் கோப்பில்) உள்ள ஃபங்ஷன் 'கவுன்ட்' என்ற மாறியை 5 ஆக்கிய பிறகும் உங்கள் மெயின் கோப்பில் 0 என்றே வருகிறது என்கிறீர்கள். பைத்தான் சரியாகத்தான் நடக்கிறது. 'ஃப்ரம் செட்டிங்ஸ் இம்போர்ட் கவுன்ட்' என்ற வரி, அந்த நேரத்தில் இருந்த 0-க்கு உங்கள் கோப்பில் தனியாக ஒரு பெயரை ஒட்டிவிடுகிறது. பிறகு செட்டிங்ஸில் 'கவுன்ட்'டுக்குப் புது மதிப்பு கொடுத்தால் அங்குள்ள பெயர் மட்டுமே நகரும். ஃபங்ஷனுக்கு வெளியே உள்ள மாறியை மாற்ற உதவும் 'குளோபல்' என்ற சொல்லைப் போட்டிருந்தாலும் அது அந்த மாட்யூலைத் தாண்டாது.

அந்த வரியை எடுத்துவிட்டு வெறும் 'இம்போர்ட் செட்டிங்ஸ்' போடுங்கள். பயன்படுத்தும் இடமெல்லாம் செட்டிங்ஸ், புள்ளி, கவுன்ட் என்று எழுதினால் ஒவ்வொரு முறையும் அப்போதைய மதிப்பே கிடைக்கும்.

பலரைக் குழப்புவது லிஸ்ட் (பட்டியல்) தான்: அதில் 'அப்பெண்ட்' செய்தால், அதாவது புது உறுப்பைச் சேர்த்தால், பழைய முறையிலும் மாற்றம் தெரியும். அங்கே பெயர்கள் இரண்டு, அவை சுட்டும் லிஸ்ட் ஒன்றே.