தனுஷ்கோடி மணலுக்குப் போகிறீர்களா? கேளுங்கள்

மதுரையிலிருந்து ஒருவர்: அண்ணே, ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பதில்: எல்லோரும் பத்து மணிக்கு மேல் வேனில் வந்து இறங்கி, ரோடு முடிகிற நிலமுனையான அரிச்சல்முனையில் தூணுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் விடிந்ததும், சோதனைச் சாவடி திறந்த கையோடு உள்ளே போய்விடுங்கள். முனையை முதலில் முடித்துவிட்டுத் திரும்பும்போது பழைய ஊரில் இறங்குங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. தேவாலயச் சுவருக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். பவளக்கல்லில் கட்டியது, கல்லுக்குள் பூப்பூவாய் வரி ஓடியிருக்கும். நான் வருகிறவர்களை அங்கேதான் அதிக நேரம் நிறுத்துவேன். தயவுசெய்து சுவரில் மட்டும் ஏறாதீர்கள், உதிர்ந்துகொண்டே இருக்கிறது.

திருச்சியிலிருந்து: எந்த நாளில் கூட்டம் குறைவு?

பதில்: செவ்வாய், புதன். ஆடி அமாவாசை, தை அமாவாசைப் பக்கமே வராதீர்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிமார் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும்.

சேலத்திலிருந்து: பிள்ளைகளோடு வருகிறோம். ஆனி மாதம் சரிப்படுமா? குளிக்கலாமா?

பதில்: ஆனியில் கச்சான் காற்று, அதாவது தென்மேற்கிலிருந்து வீசும் பலத்த காற்று. மணல் முகத்தில் ஊசியாய்க் குத்தும், ரோட்டையே மூடும். ஆண்கடல் என்று எங்கள் பக்கம் சொல்கிற தெற்குக் கடல் அப்போது கொந்தளிக்கும். முனையில் எந்த மாதமும் குளிக்க வேண்டாம். இரண்டு கடலின் நீரோட்டமும் அங்கே மோதுகிறது, கால் நிற்காது. பிள்ளைகளுக்கு உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரைதான் நல்லது. ஆழம் குறைவு, சவுக்குத் தோப்பு நிழலும் உண்டு.

காரைக்குடியிலிருந்து: பூநாரை பார்க்க வேண்டும்.

பதில்: ஜனவரி, பிப்ரவரியில் வாருங்கள். கோதண்டராமர் கோயில் பக்கம் தேங்கி நிற்கும் ஆழமில்லாத தண்ணீரில் மேயும். ரோட்டோரமே நின்று பாருங்கள். கிட்டப் போனால் கூட்டம் மொத்தமும் எழும்பிவிடும். அவ்வளவு தூரம் பறந்து வந்து இரை தேடுகிற பறவையை ஒரு படத்துக்காகக் கலைக்காதீர்கள்.

விருதுநகரிலிருந்து: கூட்டமே இல்லாத இடம் சொல்லுங்களேன்.

பதில்: அப்படியென்றால் ராமேஸ்வரத்தை விட்டுவிடுங்கள். கீழக்கரை தாண்டி வாலிநோக்கம் போங்கள். உப்பளம், படகுகள், நீண்ட மணல். அப்புறம் சாயல்குடி பக்கம் பனங்காடு. கடை அதிகம் கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். சித்திரை மாதமென்றால் காலையிலேயே பதநீர் கேட்டுப் பாருங்கள், வெயில் ஏறினால் புளித்துவிடும்.