பெல்ட் கிரைண்டரும் வி.எஃப்.டியும்: வயரிங் கேள்விகள், பதில்கள்

வீட்டில் பழைய சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஒன்று சும்மா கிடக்கிறது. அதைப் பெல்ட் கிரைண்டருக்கு (ஓடும் உராய்வுப் பட்டையில் இரும்பை அரைக்கும் எந்திரம்) வைத்து, வி.எஃப்.டி (மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) மாட்டி வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாமா?

வேண்டாம். கெப்பாசிட்டர் ஸ்டார்ட் மோட்டாருக்குள் ஒரு சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச் இருக்கும். மோட்டார் வேகம் பிடித்ததும் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கைத் (கிளப்பிவிட மட்டும் உதவும் கம்பிச் சுருளை) துண்டித்துவிடுவது அதன் வேலை. நீங்கள் வேகத்தைக் குறைத்தால் அது மறுபடி சேர்ந்துகொள்ளும். சில நொடிகளுக்கென்று செய்த வைண்டிங்கில் தொடர்ந்து கரண்ட் ஓடினால் புகைதான் வரும். ஃபேன் ரெகுலேட்டர் மாட்டினாலும் கதை இதேதான். அந்த மோட்டாரை ஸ்டெப் புல்லியோடு (பல அளவு விட்டங்கள் உள்ள பெல்ட் சக்கரம்) ஓட்டுங்கள், நன்றாகவே உழைக்கும்.

வேகம் மாற வேண்டுமென்றால் த்ரீ ஃபேஸ் மோட்டார் வேண்டும். வீட்டில் த்ரீ ஃபேஸ் இணைப்பு இல்லையே என்று தயங்க வேண்டாம். சிங்கிள் ஃபேஸை வாங்கி த்ரீ ஃபேஸாகக் கொடுக்கும் வி.எஃப்.டி தாராளமாகக் கிடைக்கிறது.

1.5 கிலோவாட் மோட்டார், நேம் பிளேட்டில் 230/400 என்று இருக்கிறது. 230 வோல்ட் வி.எஃப்.டி மாட்டினேன். ஓடுகிறது, ஆனால் இரும்பை வைத்து அழுத்தினால் நின்றுவிடுகிறது. மோட்டார் மட்டமா?

மோட்டார்மேல் பழி போடாதீர்கள். டெர்மினல் பாக்ஸைத் திறந்து பாருங்கள், அநேகமாக ஸ்டாரில் (மூன்று வைண்டிங்கின் ஒரு முனையும் ஒரே புள்ளியில் சேரும் இணைப்பு) இருக்கும். 230/400 என்றால் ஒவ்வொரு வைண்டிங்கும் 230 வோல்ட்டுக்குச் செய்தது என்று பொருள். 400 வோல்ட் லைனில் ஸ்டாராக இணைத்தால் வைண்டிங்குக்கு 230 கிடைக்கும். 230 வோல்ட் வி.எஃப்.டியில் அதே ஸ்டாரை விட்டுவைத்தால் கிடைப்பது 133 வோல்ட்தான். வோல்டேஜ் குறைந்தால் இழுவிசை அதன் வர்க்கத்தில் குறையும், அதாவது மூன்றில் ஒரு பங்காகிவிடும். சும்மா சுற்ற அது போதும், அரைக்கப் போதாது.

டெல்டாவுக்கு (மூன்று வைண்டிங்கும் முக்கோணமாகச் சேரும் இணைப்பு) மாற்றுங்கள். பாக்ஸில் மேல் வரிசையில் மூன்று, கீழ் வரிசையில் மூன்று என ஆறு போல்ட் இருக்கும். ஸ்டாரில் லிங்க் பட்டைகள் ஒரு வரிசையின் மூன்று போல்ட்டையும் குறுக்காகச் சேர்த்திருக்கும். அவற்றைக் கழற்றி, மேலே ஒன்று கீழே ஒன்று என மூன்று ஜோடியாக நெடுக்காக மாட்டினால் டெல்டா. மூடியின் உட்புறத்தில் படம் இருந்தால் அதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் வி.எஃப்.டியில் மோட்டார் கரண்டைப் பதியும்போது நேம் பிளேட்டில் இருக்கும் இரண்டு எண்களில் பெரியதைக் கொடுங்கள். டெல்டாவுக்கு உரியது அதுதான்.

புதிதாக வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 400/690 என்று போட்டிருந்தால் அந்த மோட்டார் இந்த வேலைக்கு ஆகாது. டெல்டாவிலேயே அது 400 வோல்ட் கேட்கும். 230 வோல்ட்டில் 29 ஹெர்ட்ஸ் வரைதான் முழு இழுவிசை தரும்.

வி.எஃப்.டிக்கும் மோட்டாருக்கும் நடுவே ஓர் ஆன்-ஆஃப் சுவிட்ச் வைக்கலாமா? கைக்கு எட்டும் இடம் அதுதான்.

கூடாது. ஓடும்போது அந்த இணைப்பைத் துண்டித்தாலோ சேர்த்தாலோ வி.எஃப்.டியின் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் அடிபடும். நல்ல நேரமாக இருந்தால் வெறும் ட்ரிப்போடு (வி.எஃப்.டி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடுவது) போகும். வி.எஃப்.டியின் U, V, W என்ற மூன்று அவுட்புட் முனைகளிலிருந்தும் வயர் நேராக மோட்டாருக்குப் போக வேண்டும், எர்த் வயரும் கூடவே போக வேண்டும். சுவிட்சைக் கண்ட்ரோல் டெர்மினலில் மாட்டுங்கள். அங்கே குறைந்த வோல்டேஜ்தான், மெல்லிய வயர் போதும், எவ்வளவு தள்ளி வேண்டுமானாலும் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கலாம். வேகக் குமிழுக்கும் அங்கேயே இடம் உண்டு. பொதுவாக 5 அல்லது 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர், மூன்று வயர்.

கரண்ட் போய்த் திரும்பி வரும்போது கிரைண்டர் தானாகக் கிளம்பாதபடி செட்டிங்கை மாற்றிவிடுங்கள். இதைப் பலரும் கவனிப்பதில்லை. பெல்ட்டை மாற்றிக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்தால் விரல் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வி.எஃப்.டியை ஆன் செய்தாலே ஆர்.சி.சி.பி (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுகிறது. எர்த் வயரைக் கழற்றினால் விழவில்லை. அப்படியே விட்டுவிடலாமா?

இன்றைக்கே மறுபடி மாட்டுங்கள். வி.எஃப்.டிக்குள் இருக்கும் ஃபில்டர் இயல்பாகவே சிறிது கரண்ட்டை எர்த்துக்குக் கசியவிடும். எர்த்தைக் கழற்றிவிட்டால் அந்தக் கசிவு உங்கள் வழியாகப் போகும். கிரைண்டரின் மொத்த உடம்பும் இரும்பு, நீங்கள் அதைத் தொட்டுக்கொண்டேதான் நிற்கிறீர்கள்.

முதலில் மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். அப்போது விழவில்லையென்றால் கேபிளிலோ மோட்டாரிலோ கோளாறு இருக்கலாம். டெர்மினல் பாக்ஸுக்குள் இரும்புத்தூள் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்போதும் விழுந்தால் ஆர்.சி.சி.பியின் வகையைப் பாருங்கள். ஏசி வகை இதற்குப் பொருந்தாது. ஏ, எஃப், பி ஆகியவற்றில் எது வேண்டும் என்று வி.எஃப்.டியின் கையேட்டில் இருக்கும். அதை மாற்றும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

1.5 கிலோவாட்டுக்கு 7 ஆம்பியர்தானே வரும்? இருக்கிற ப்ளக்கிலேயே செருகலாமா?

கணக்கு அப்படித்தான் சொல்லும், வி.எஃப்.டி அப்படி இழுக்காது. மின்னலையின் உச்சியில் மட்டும் கரண்ட்டை வாங்குவதால், முழு லோடில் 14, 15 ஆம்பியர் வரை போகும். தனி லைன், 2.5 சதுர மி.மீ. செம்பு வயர், கையேட்டில் சொன்ன எம்.சி.பி (கரண்ட் அளவு மீறினால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும்.

நிறுத்தும்போதெல்லாம் ஓவர்வோல்டேஜ் என்று ட்ரிப் ஆகிறது.

நிற்கும் நேரத்தை ஒரு நொடி என்று வைத்திருப்பீர்கள். 5 நொடியாக்குங்கள். சட்டென்று நிறுத்தினால் சுழலும் மோட்டாரே ஜெனரேட்டராகிக் கரண்ட்டைத் திருப்பித் தள்ளும்.

எவ்வளவு மெதுவாக ஓட்டலாம்?

மோட்டாரின் ஃபேன் அதே ஷாஃப்ட்டில்தான் இருக்கிறது. வேகம் குறைந்தால் காற்றும் குறையும். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே அவ்வப்போது ஓட்டலாம், மணிக்கணக்கில் அழுத்தி அரைக்காதீர்கள். எப்போதும் மெதுவாகத்தான் வேலை என்றால் சின்ன டிரைவ் வீல் போடுங்கள். 100 மி.மீ. வீல், 2800 ஆர்.பி.எம். மோட்டார் என்றால் பெல்ட் நிமிடத்துக்கு சுமார் 880 மீட்டர் ஓடும். 1400 ஆர்.பி.எம். மோட்டாரில் அதில் பாதி. மெருகேற்றும் வேலை அதிகமென்றால் நான் 1400-ஐத்தான் எடுப்பேன்.

வி.எஃப்.டியை கிரைண்டரின் மேலேயே பொருத்தலாமா?

தூசி புகாத ஐ.பி.65 வகையானால் சரி. காற்றுத் துளைகள் உள்ள சாதாரண வகையை தீப்பொறி பறக்கும் திசையிலிருந்து விலக்கி வையுங்கள். எனக்கு முதலாவது வி.எஃப்.டி போனது இந்தத் துளைகளால்தான், தப்பு என்னுடையது. சுத்தம் செய்யத் திறப்பதாக இருந்தால் கரண்ட்டைத் துண்டித்த பிறகும் பத்து நிமிடமாவது பொறுங்கள். உள்ளே கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி இருக்கும், டிஸ்ப்ளே அணைந்த பிறகும் அது கொஞ்ச நேரம் நிற்கும். கை வைக்கும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள்.