கடை நடத்துபவர் ஹாஸ்பிஸுக்கு எப்படி உதவலாம்?

கேள்வி: நான் ஒரு சிறிய கடை நடத்துகிறேன். நான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். அம்மாவின் கடைசி மாதங்களில் எங்கள் பகுதி ஹாஸ்பிஸ் (குணப்படுத்த முடியாத நோயில் இருப்பவர்களின் வலியைத் தணித்துப் பராமரிக்கும் சேவை) அறக்கட்டளையினர் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொண்டார்கள். கடை மூலமாக அவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும். கல்லா பக்கத்தில் உண்டியல் வைக்கவா, விற்பனையில் ஒரு பங்கு கொடுக்கவா, கட்டில், சக்கர நாற்காலி வாங்கித் தரவா?

பதில்: மூன்றும் செய்யலாம். ஆனால் முதலில் நான்காவதாக ஒன்றைச் சொல்கிறேன். உங்களால் தவறாமல் கொடுக்க முடிகிற ஒரு சிறிய தொகையை, இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல், மாதா மாதம் கொடுங்கள்.

உங்கள் அம்மாவைப் பார்க்க வந்த செவிலியரை நினைத்துப் பாருங்கள். படுக்கைப்புண்ணைச் சுத்தம் செய்து கட்டு மாற்றியிருப்பார். வலி மருந்தான மார்ஃபின் எத்தனை மணிக்கு, மலச்சிக்கல் வராமலிருக்கக் கூடவே எந்த மருந்து என்று எழுதிக் கொடுத்திருப்பார். கிளம்பும்போது, "நீங்கள் தூங்கினீர்களா?" என்று உங்களையும் கேட்டிருப்பார். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், நோயாளியின் வலி உடம்போடு நிற்பதில்லை, மனதிலும் குடும்பத்திலும் இருக்கிறது என்றார். அந்த வலியைக் கவனிக்க ஆட்களின் நேரம் வேண்டும். ஆகவே ஹாஸ்பிஸின் பெரிய செலவு சம்பளமும் போக்குவரத்தும்தான். கட்டிலில் நன்கொடையாளர் பெயரை எழுதலாம். செவிலியரின் சம்பளத்தில் எழுத முடியாது. அதனால்தான் அதற்குக் கொடுக்க ஆள் குறைவு.

நான் பார்த்த ஒரு சேமிப்பறையில் சக்கர நாற்காலிகள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் சுவரோரம் மடக்கி வைக்கப்பட்டிருந்தன. அதே மாதம் வண்டிக்கு எரிபொருள் போடப் பணமில்லாமல் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதைக் குறைத்திருந்தார்கள். இத்தகைய பராமரிப்பு தேவைப்படுபவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இவர்கள் வராத வீட்டுக்கு வேறு யாரும் வரப்போவதில்லை. 1993இல் கோழிக்கோட்டில் ஒரு சில மருத்துவர்கள் தொடங்கிய இதே போன்ற பராமரிப்பு முயற்சி கேரளம் முழுக்கப் பரவியதற்கும், அக்கம்பக்கத்தார் விடாமல் கொடுத்த சிறுதொகைகளும் தன்னார்வலர்களின் உழைப்பும் பெரிய காரணம்.

சரி, உண்டியலுக்கு வருவோம். அறக்கட்டளையே சீல் வைத்து எண் போட்டுத் தரும் பெட்டியை மட்டும் வையுங்கள். சாவி உங்களிடம் வேண்டாம். இரண்டு பேர் முன்னிலையில் எண்ணி, ரசீது வாங்கிக் கல்லா அருகே ஒட்டுங்கள். விற்பனைப் பங்கு என்றால், "லாபத்தில் ஒரு பகுதி" என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்தப் பொருளுக்கு எவ்வளவு, எந்தத் தேதிவரை என்று தெளிவாக இருக்கட்டும். அவர்கள் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்த எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நோயாளிகளின் படம் விளம்பரத்தில் வரவே கூடாது; இதில் நான் கறாராக இருப்பேன்.

பொருளாகத்தான் தர வேண்டுமென்றால், வாங்குவதற்கு முன் போன் செய்து, "இந்த மாதம் எதற்குத் திண்டாடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். மிச்சமான மருந்துகளைக் கொடுக்க வேண்டாம். மார்ஃபின் போன்றவை கடுமையான சட்டக் கட்டுப்பாட்டில் இருப்பவை. அம்மாவுக்குக் கொடுத்ததில் மீதி இருந்தால் எப்படித் திருப்பித் தருவது என்று அவர்களிடமே கேளுங்கள்.

காசைவிட உங்கள் தொழில் பெரிய உதவியாகவும் இருக்கலாம். வண்டிப் பட்டறைக்காரர் வீட்டு வருகை வண்டியைக் கூலி வாங்காமல் பழுதுபார்க்கலாம். சலவைக்காரர் விரிப்புகளை வெளுத்துத் தரலாம். ஒரு முடிதிருத்துநர் பல வாரமாகப் படுக்கையில் இருந்த பெரியவருக்கு முகம் மழித்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். ஆனால் நோயாளி அருகே போகிற யாரும், உங்கள் ஊழியர்களும்தான், அறக்கட்டளை தரும் பயிற்சியை முடித்த பிறகே போக வேண்டும்.

அப்புறம், உங்களுக்காக ஒன்று. நீங்களே நேரில் போய்த் தொண்டு செய்ய நினைத்தால், கொஞ்ச காலம் பொறுக்கச் சொல்வார்கள். நெருங்கியவரை இழந்தவர்களை உடனே இன்னொரு கட்டிலருகே பல ஹாஸ்பிஸ்கள் உட்கார வைப்பதில்லை. அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். துக்கத்தில் இருப்பவர்களோடு பேசுவதற்கென்றே பல இடங்களில் ஆட்கள் உண்டு. உண்டியல் பற்றிப் பேசப் போகும் அன்றைக்கே அதையும் விசாரியுங்கள்.