மனைவியின் கவுன்சலர் என்னிடம் பேச மறுக்கிறார்

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

தூக்கமில்லை, மனசு படபடக்கிறது என்று என் மனைவி சில மாதங்களாக ஒரு கவுன்சலரிடம் போகிறாள். தூக்கம் சரியாகிவிட்டது. பேச்சுதான் மாறிவிட்டது. வண்டிச் சாவியை எங்கே வைத்தாய் என்று கேட்டால்கூட, "இதுதான் கன்ட்ரோல் பண்றது" என்கிறாள். போன வாரம், "நீங்க ஒரு நார்சிஸிஸ்ட், மேடமே சொன்னாங்க" என்றாள். தன்னையே பெரிதாக நினைத்து அடுத்தவரை மதிக்காத ஆள் என்று அர்த்தமாம். அந்த மேடம் என்னைப் பார்த்ததே கிடையாது. போன் செய்தால், "அவர் இங்கே வருகிறாரா என்பதைக்கூடச் சொல்ல முடியாது" என்று வைத்துவிட்டார். இது நியாயமா?

— ஒரு கணவர்

அன்புள்ள நண்பருக்கு,

போனை வைத்தது சரிதான். ரகசியம் காப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருப்பது உங்கள் மனைவிக்கு. கேட்பவர் கணவர் என்பதால் அது தளராது.

'நார்சிஸிஸ்ட்' கதை வேறு. பார்க்காத ஆளுக்கு நோய்ப் பெயர் வைப்பது எங்கள் தொழிலில் தப்பு. அதாவது, அவர் அப்படிச் சொல்லியிருந்தால். அங்கே பொதுவாகப் பேசியது வீட்டுக்கு வருவதற்குள் பட்டமாகியிருக்கலாம். நீங்களும் அவரும் ஒருவரையொருவர் உங்கள் மனைவியின் வாய்வழியாகத்தான் அறிகிறீர்கள். நானும் இப்போது ஒரு பக்கத்தைத்தான் கேட்கிறேன்.

மணமானவர்களைத் தனியாகப் பார்ப்பதில் உள்ள பெரிய சறுக்கல் இதுதான். வாராவாரம் ஒருவரின் கண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தால், அறையில் இல்லாதவர் மெல்ல வில்லனாகிவிடுவார். அதனால்தான் "இதையே அவர் சொன்னால் எப்படிச் சொல்வார்?" என்று இடையிடையே கேட்கப் பழகுகிறோம். சேர்ந்து வாழ்வதா பிரிவதா என்ற முடிவு வருபவருடைய பொறுப்பு, அதை அவரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்று அமெரிக்கத் திருமண, குடும்பச் சிகிச்சையாளர் சங்கத்தின் நெறிமுறையே சொல்கிறது.

போவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். தூக்கம் வந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "ஒருநாள் நானும் வரட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் மனைவி சம்மதித்தால் போகலாம். ஆனால் அங்கே நீங்கள் விருந்தாளிதான். நீங்கள் பேசுவது யாருடைய கோப்பில் ஏறும், யார் அதைப் பார்க்கலாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தம்பதி ஆலோசனை என்றால் வேறொருவரிடம் போவதே நல்லது. இவர் ஏற்கெனவே ஒரு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

அப்புறம் ஒரு கேள்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மனைவி உங்களுக்குப் பயப்படுகிறாரா? அடி, மிரட்டல், கைச்செலவுக்குப் பணம் தராமல் வைத்திருப்பது, இப்படி ஏதாவது இருந்தால் சேர்ந்து உட்காரும் யோசனையையே விட்டுவிடுங்கள். அங்கே அவர் வாய்திறந்து சொன்னதற்கு வீட்டில் விலை கொடுக்க வேண்டியிருக்கும். அந்த நிலையில் அவர் தனியாகவே போகட்டும். நீங்கள் உங்களுக்கென்று ஒருவரைப் பாருங்கள்.